கடைசி பெஞ்சில் உட்கார்ந்த பெற்றோர்

மண்டபம்,
ஜூன் 13

அன்புள்ள செல்வி,

உன் மூன்று கடிதங்களுக்கும் பதில் போடவில்லை. கோபித்துக்கொள், ஆனால் இதைப் படித்து முடித்துவிட்டுக் கோபித்துக்கொள். வீட்டில் எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. நீ கேட்ட நெத்திலிக் கருவாடு மீன்பிடித் தடைக்காலம் முடிந்ததும் வந்து சேரும். அதுவரை வாயைக் கட்டு.

நேற்று ஆறாம் வகுப்புப் பெற்றோரைத் தமிழ் வகுப்புக்குள் உட்காரவைத்தேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

வழக்கமான கூட்டம் எப்படி நடக்கும் என்று உனக்குத் தெரியாதா? ஒரு கையெழுத்து, இல்லையென்றால் கைநாட்டு. "நன்றாக அடித்துப் படிக்கவையுங்கள் டீச்சர்." முடிந்தது. இந்த வருஷம் பாடம் தொடங்கும்போதே அவர்களைக் கூப்பிட்டுவிட வேண்டும் என்று நினைத்தேன். நாளும் பார்த்துத்தான் குறித்தேன். ஏப்ரல் 15-இல் தொடங்கிய 61 நாள் தடை நாளை நள்ளிரவோடு முடிகிறது. அதற்குப் பிறகு விசைப்படகுக்காரர் ஒருவரையும் பள்ளிப்பக்கம் பார்க்க முடியாது. 34 பிள்ளைகளில் 26 பேர் வீட்டிலிருந்து வந்துவிட்டார்கள், செல்வி! பாதிப் பேர் படகுக்குச் சாயம் அடித்த கையோடு வந்தார்கள்.

வந்தவர்கள் வாசலிலேயே நின்றார்கள். "எனக்கு எழுத்து தெரியாது, நான் உள்ளே வந்து என்ன செய்யப்போகிறேன்?" என்று ஒரு அம்மா சொன்னதும் இன்னும் இரண்டு பேர் அதையே சொன்னார்கள். கையைப் பிடித்து அழைத்துவந்தால் நேராகக் கடைசி பெஞ்சுக்குப் போனார்கள். ஒரு அப்பா, "கணக்கையும் இங்கிலீஷையும் பற்றிச் சொல்லுங்கள். தமிழ்தானே, அது தானாக வரும்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. பேச்சு தானாக வரும், எழுத்து எப்படித் தானாக வரும்? எழுத்துக்கூட்டிப் படித்து வரியின் கடைசிக்கு வரும்போது முதல் சொல்லை மறந்துவிடுகிற பிள்ளைகள் என் வகுப்பில் இருக்கிறார்கள். வீட்டில் யாருக்கும் அது தெரியாது.

பலகையில் கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் என்று எழுதினேன். முதல் இரண்டுக்கும் உங்கள் வீடுதான் பள்ளிக்கூடம் என்றேன். யாரும் நம்பியதாகத் தெரியவில்லை. சரி என்று பேச்சை விட்டுவிட்டு, "இப்போது வெளியே அடிப்பது என்ன காற்று?" என்று கேட்டேன்.

பின்வரிசை மொத்தமும் பேச ஆரம்பித்துவிட்டது! கச்சான் என்றார் ஒருவர், சோழகம் என்றார் இன்னொருவர். வடக்கிலிருந்து வந்தால் வாடை, கிழக்கிலிருந்து வந்தால் கொண்டல். பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் நம் பிள்ளைகள் நான்கு திசைக் காற்றுக்கும் பெயர் படிப்பார்களே: வாடை, கொண்டல், தென்றல், கோடை. அதில் முதல் இரண்டும் இந்த அப்பாக்களின் வாயில் அதே பெயரோடு இருக்கின்றன. தென்றலுக்கும் கோடைக்கும் இவர்களிடம் சோழகம், கச்சான் என்று சொந்தப் பெயர். இதைச் சொன்னதும் சாயக் கைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பிள்ளைகளை எழுதச் சொன்னேன். அவர் மகன் எழுந்து, எழுதியதை வாசித்தான்: "மேற்கே இருந்து வருவது கசான்." அப்பா அங்கிருந்தே, "அது என்னடா கசான்? கச்சான்!" என்றார். பையன் நோட்டைப் பார்த்தான், விட்டுப்போன 'ச்'சைச் சேர்த்தான். ஒற்றெழுத்தை விடாதே, விடாதே என்று நான் தொண்டை வறளக் கத்துகிறேன். எழுத்தே தெரியாத மனிதர் காதால் கேட்டுத் திருத்திவிட்டார்! அந்த இடத்தில் எனக்குப் பேச்சே வரவில்லை. பிறகு அவர்களிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். தினமும் பத்து நிமிஷம் பிள்ளை சத்தமாகப் படிக்கட்டும், நீங்கள் வலை பின்னிக்கொண்டே, மீன் ஆய்ந்துகொண்டே கேளுங்கள். காதுக்குச் சரியாகப் படவில்லை என்றால் நிறுத்தி மறுபடி படிக்கச் சொல்லுங்கள்.

பாசி எடுக்கும் அம்மா ஒருவர், கடலில் இறங்குமுன் விரல்களில் துணி சுற்றிக்கொள்வது எப்படி என்று என் கைக்குட்டையைக் கிழித்தே காட்டினார். அப்படிச் சுற்றியும் பாறை கிழித்த கோடுகள் விரல் நுனியெல்லாம் இருக்கின்றன. மகள் பக்கத்தில் உட்கார்ந்து, "முதலில் துணியை நீளமாகக் கிழிக்க வேண்டும்" என்று தொடங்கி அரைப்பக்கம் எழுதினாள்.

எல்லோரும் போன பிறகும் அந்த அம்மா நின்றார். எட்டாம் வகுப்பு முடிப்பதற்குள் மகள் மனு எழுதிவிடுவாளா என்று கேட்டார். இப்போது வெளியில் நூறு ரூபாய் கொடுத்து எழுதி வாங்குகிறாராம். "அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. நான் சொன்னதைத்தான் எழுதினார்களா என்றும் தெரியாது." எட்டாம் வகுப்பு வரை எதற்கு, இந்த வருஷமே எழுதுவாள் என்று சொல்லிவிட்டேன். இரவெல்லாம் அதே நினைப்புதான், செல்வி. அனுப்புநர், பெறுநர் என்று மதிப்பெண்ணுக்காகச் சொல்லிக்கொடுத்த பாடம் அவர் வீட்டில் இவ்வளவு பெரிய காரியம். சொன்னபடி செய்தாக வேண்டும்.

வராத எட்டு வீட்டுக்கும் நாளை சாயங்காலம் போகிறேன். அந்த நேரத்தில் ஐஸ் ஏற்றிக்கொண்டிருப்பார்கள்; படகடியிலேயே பேசிவிட வேண்டியதுதான். நீ ஒரு உதவி செய். உன் பரணில் இருக்கும் சிறுவர் கதைப் புத்தகங்களைக் கட்டி ராமேசுவரம் பஸ்ஸில் போட்டுவிடு. பெரிய எழுத்தாக இருந்தால் நல்லது. வீட்டில் சத்தமாகப் படிக்கப் பாடப்புத்தகம் மட்டும் போதாது.

உன்,
மேரி