நடுவில் இருப்பவர்கள்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. அறுவை சிகிச்சை முடிந்து கைத்தடி இல்லாமல் நடக்கிறாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. படி ஏறுவதில் மட்டும் அவசரம் வேண்டாம். இங்கே எல்லோரும் சுகம். பேத்தி நீச்சல் பழகுகிறாள். தண்ணீருக்குள் இருக்கும் நேரத்தைவிடக் கரையில் உட்கார்ந்து பேசும் நேரம்தான் அதிகம். ஓய்வு பெற்ற பிறகு எனக்குப் பொழுது போவது எதில் என்று உனக்கே தெரியும். உலகத்தில் எந்த மூலையில் யார் ஓடினாலும் நான் டிவி முன்னால் இருப்பேன்.

அதனால்தான் உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்தைச் சும்மா விட முடியவில்லை. சில நாட்டு மக்களுக்குப் போராடும் குணமும் கிடையாது, அதற்கான உடல்வாகும் கிடையாது, கோடிக்கணக்கில் ஆள் இருந்தும் வெறுங்கையோடு திரும்புவது அதனால்தான் என்று எழுதியிருக்கிறாய். வழக்கம்போல நான் ஒத்துக்கொள்ளப் போவதில்லை.

ஆஸ்திரேலியாவையே எடுத்துக்கொள். 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் அவர்களுக்கு ஒரு தங்கம்கூட இல்லை. ஒரு வெள்ளி, நான்கு வெண்கலம், அவ்வளவுதான். 2000 சிட்னியில் 16 தங்கத்தோடு மொத்தம் 58 பதக்கம். பிரிட்டன் 1996 அட்லாண்டாவில் படகுப் போட்டியில் வாங்கிய ஒரே தங்கத்தோடு 36ஆம் இடத்தில் நின்றது. இருபது வருடம் கழித்து ரியோவில் 27 தங்கம், அமெரிக்காவுக்கு அடுத்த இடம். அதற்குள் மக்களின் எலும்பும் தசையுமா மாறிவிட்டன? ஆஸ்திரேலியா 1981இல் கான்பெராவில் தேசிய விளையாட்டுக் கழகத்தைத் தொடங்கியது. பிரிட்டனில் 1997 முதல் லாட்டரிப் பணம் வீரர்களுக்குப் போனது.

கென்யாக்காரர்கள் மேட்டுநிலத்தில் பிறந்ததால் ஓடுகிறார்கள் என்கிறாய். அதில் உண்மை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் நேபாளத்திலும் பொலிவியாவிலும் இல்லாத மேடா? அந்த இரண்டு நாடுகளும் ஒலிம்பிக் நெடுந்தூர ஓட்டத்தில் ஒரு பதக்கமும் பார்த்ததில்லை.

"அப்படியானால் பணம்தான் எல்லாம் என்கிறாயா?" என்று கேட்பாய். முக்கால்வாசி ஆமாம். மக்கள்தொகையும் நாட்டின் வருமானமும் சேர்ந்தால் பதக்கக் கணக்கின் பெரும்பகுதியைச் சொல்லிவிடலாம் என்று பொருளாதாரக்காரர்கள் காட்டியிருக்கிறார்கள். மீதிக் கால்வாசிதான் எனக்குச் சுவாரசியம். முப்பது லட்சம் பேர்கூட இல்லாத ஜமைக்கா உலகத்தின் வேகமான மனிதர்களை வரிசையாக அனுப்புகிறது. அங்கே பள்ளிகளுக்கு இடையிலான தடகளப் போட்டி 1910 முதல் நடக்கிறது. 'சாம்ப்ஸ்' என்பார்கள். ஸ்டேடியம் நிரம்பி வழியும், பழைய மாணவர்கள் தங்கள் பள்ளிக்காகத் தொண்டை கிழியக் கத்துவார்கள். பதினைந்து வயதுப் பையன் ஆயிரக்கணக்கானோர் முன்னால் ஓடிப் பழகிவிடுகிறான். அவனைக் கண்டுபிடிக்க யாரும் தனியாகத் தேடி அலைய வேண்டியதில்லை.

ஐஸ்லாந்து இன்னும் வேடிக்கை. நான்கு லட்சம் பேர்கூட இருக்க மாட்டார்கள், பாதி வருடம் குளிரும் இருட்டும். மேற்கூரை போட்ட முழு அளவு கால்பந்து மைதானங்களைக் கட்டினார்கள். சின்னப் பிள்ளைகளுக்குக்கூட ஐரோப்பியச் சான்றிதழ் பெற்ற கோச் வைத்தார்கள், அவர்களுக்குச் சம்பளமும் கொடுத்தார்கள். 2016 யூரோ கோப்பையில் இங்கிலாந்தை 2-1 என்று வீட்டுக்கு அனுப்பிய அணியின் இரண்டு பயிற்சியாளர்களில் ஒருவர் பல் மருத்துவர்! அடுத்து 2018 உலகக் கோப்பைக்கும் தகுதி பெற்றார்கள்.

என் கட்சி இதுதான். திறமைசாலி எல்லா ஊரிலும் பிறக்கிறான். உச்சியில் ஜெயித்தவனுக்கு மாலை போட எல்லா நாட்டிலும் ஆள் இருக்கிறது. பின்தங்கும் நாடுகளில் இல்லாதது நடுப்பகுதி. வாரம் தவறாமல் நடக்கும் மேட்ச், விஷயம் தெரிந்த பள்ளிக் கோச், காயம்பட்டால் பார்க்க ஒரு பிசியோ, படிவத்தைத் தேதிக்குள் அனுப்பும் ஒரு குமாஸ்தா.

குமாஸ்தா என்றதும் சிரிக்காதே. நைஜீரியாவைப் பார். இருபது கோடிக்கு மேல் மக்கள். 1996 அட்லாண்டாவில் கால்பந்து இறுதியில் அர்ஜென்டினாவை 3-2 என்று வென்ற நாடு, நீளம் தாண்டுதலில் சியோமா அஜுன்வா தங்கம் வாங்கிய நாடு. திறமைக்கா பஞ்சம்? டோக்கியோ போட்டிக்கு அவர்களின் தடகள வீரர்கள் 10 பேர் தகுதி பெற்று, ஜப்பான் வரை வந்து, போட்டியிட முடியாமல் திரும்பினார்கள். அவர்கள் யாரும் ஊக்கமருந்து சோதனையில் சிக்கியதால் அல்ல. போட்டி இல்லாத காலத்தில் எடுக்க வேண்டிய மூன்று சோதனைகள் விதிப்படி நடக்கவில்லை. அதை ஏற்பாடு செய்வது அதிகாரிகளின் வேலை. பிள்ளைகள் அட்டை பிடித்துத் தெருவில் போராடினார்கள். 2024 பாரிஸில் ஃபேவர் ஒஃபிலி 100 மீட்டருக்குத் தகுதி பெற்றிருந்தும் பெயரே பதிவாகவில்லை. அந்தப் பெண் 200 மீட்டரில் இறுதிப் போட்டி வரை ஓடியவர். நைஜீரியா பாரிஸில் ஒரு பதக்கமும் வாங்கவில்லை. இதில் உடல்வாகு எங்கே வந்தது, சொல்.

சீனாவிடம் பணத்துக்கும் திட்டத்துக்கும் குறையில்லை. பாரிஸில் டைவிங்கின் எட்டுத் தங்கத்தையும் அவர்களே அள்ளினார்கள், டேபிள் டென்னிஸின் ஐந்தையும்தான். ஆனால் ஆண்கள் கால்பந்தில் உலகக் கோப்பைக்குப் போனது 2002இல் ஒரே தடவை. மூன்று ஆட்டமும் தோல்வி, ஒரு கோலும் இல்லை. டைவிங்குக்குச் சில நூறு பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்துச் சிறு வயதிலிருந்தே அரசுப் பள்ளியில் வளர்த்தால் போதும். கால்பந்துக்கு லட்சக்கணக்கான பிள்ளைகள் யாரும் சொல்லாமலே சாயங்காலம் பந்து உதைக்க வேண்டும், அவர்களுக்கு ஊர்தோறும் கிளப் வேண்டும். அதை மேலிருந்து உத்தரவு போட்டு வரவழைக்க முடிவதில்லை.

பெண்கள் விஷயத்தை நீ தொடவே இல்லை. அமெரிக்காவில் 1972இல் வந்த சட்டம் பெண்களுக்குக் கல்விக்கூட விளையாட்டில் சம இடம் கொடுத்தது. அவர்கள் கால்பந்து உலகக் கோப்பையை நான்கு முறை வென்றுவிட்டார்கள். ஆண்கள் 1930இல் மூன்றாம் இடம் வந்ததோடு சரி. சவூதி அரேபியாவும் கத்தாரும் பெண்களை ஒலிம்பிக்குக்கு அனுப்பியதே 2012இல்தான். மக்களில் பாதியைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு ஏன் தோற்கிறோம் என்று கமிட்டி போடுவது என்ன நியாயம்?

பின்தங்கினார்கள் என்று எதை வைத்துச் சொல்கிறோம் என்பதும் ஒரு கேள்வி. பாரிஸில் நீச்சல் குளத்தில் மட்டும் 35 தங்கம் இருந்தது. ஹாக்கியில் ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று. மைக்கேல் ஃபெல்ப்ஸ் தனியாளாக 23 தங்கம் வைத்திருக்கிறார்; பாரிஸ் வரை இந்தியா முழுவதற்கும் 10, அதில் 8 ஹாக்கியில் வந்தது. அந்த ஹாக்கியும் 1976இல் செயற்கைப் புல்தரைக்குப் போனதும் இந்தியா ஏழாவது இடத்துக்கு இறங்கியது. பல நாடுகள் வராத 1980 மாஸ்கோவில் வாங்கிய தங்கத்துக்குப் பிறகு அடுத்த ஹாக்கிப் பதக்கம் 2021இல்தான் வந்தது. புல்லில் பழகிய பையன்களுக்கு அந்தத் தரை எளிதில் கிடைக்கவில்லை. வங்கதேசம் ஒலிம்பிக் பதக்கமே வாங்காத நாடுகளில் மிகப் பெரியது. ஆனால் அங்கே உயிரை விடுவது கிரிக்கெட்டுக்கு, அது 1900க்குப் பிறகு ஒலிம்பிக்குக்குத் திரும்புவதே 2028இல்தான்.

பிரிட்டன் வழி எனக்கு முழுதாகப் பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பதக்கம் வருமா என்று பார்த்துப் பணம் கொடுப்பார்கள், வராது என்று தோன்றினால் நிறுத்திவிடுவார்கள். ரியோவில் வெண்கலம் வாங்கிய பேட்மின்டனுக்கே அப்புறம் நிதி வெட்டு! நார்வேயில் பதினொரு வயதுக்குள் பிள்ளைகளுக்கு ரேங்க் பட்டியல் வெளியிடக்கூட விடுவதில்லை. ஐம்பத்தைந்து லட்சம் பேர் கொண்ட அந்த நாடு 2022 குளிர்கால ஒலிம்பிக்கில் 16 தங்கத்தோடு முதலிடம். பனி அவர்களுக்கு வாசலிலேயே இருக்கிறது என்று நீ சொல்வாய், சொல்லிக்கொள். எனக்கு மிகவும் பயமாக இருப்பது கிழக்கு ஜெர்மனிதான். ஒரு கோடியே எழுபது லட்சம் மக்களுக்கு 1976இல் 40 தங்கம், அதற்குச் சின்னப் பெண்களுக்கு ஊக்கமருந்து கொடுத்தார்கள். அதற்குப் பட்டியலின் அடியில் கிடப்பதே தேவலை.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. பாரிஸ் குத்துச்சண்டையில் உஸ்பெகிஸ்தான் ஐந்து தங்கம் வாங்கியது, அத்தனையும் ஆண்கள் பிரிவில். பெரிய பணக்கார நாடும் இல்லை. நீ கல்லூரியில் கிளவுஸ் மாட்டியவன். அவர்களின் கால் நகர்வைப் பார்த்தால் எந்தப் பள்ளியில் பழகினது என்று உனக்குப் புரியும். பார்த்து எழுது. உடல்வாகு என்று மட்டும் எழுதாதே.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்