குப்பைமேட்டிலிருந்து எடுத்த பெயர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வழக்கொழிந்த பெயர்களைப் பற்றிய கட்டுரை படித்தேன். குப்பன், குப்புசாமி எல்லாம் ஆண்டைகள் இழிவாக வைத்த பெயர்கள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். அப்படியும் நடந்ததுண்டு, மறுக்கவில்லை. ஆனால் அது பாதிக் கதை. அந்தப் பெயரோடு வாழ்கிறவன் என்பதால் மீதியை நான் சொல்கிறேன்.

எனக்கு முன் பிறந்த பிள்ளைகள் எதுவும் தங்கவில்லை. நான் பிறந்ததும் எங்கள் அப்பாயி என்னை முறத்தில் கிடத்தி, மாட்டுக் கொட்டகைக்குப் பின்னாலிருந்த குப்பைமேட்டில் வைத்துவிட்டு வந்துவிட்டார். பேசிவைத்தபடி பக்கத்து வீட்டுப் பெரியம்மா, "யார் போட்ட பிள்ளையோ" என்று தூக்கிவந்து, ஒரு மரக்கால் தவிட்டுக்கு என்னை அம்மாவிடம் விற்றாராம். குப்பையில் கிடந்ததை எமன் சீந்த மாட்டான் என்பது கணக்கு. கொடுத்தது புழுத்த தவிடு என்று பெரியம்மா கடைசிவரை சொல்லிக்காட்டுவார்.

பிச்சையும் அப்படித்தான், சாமியிடம் மடியேந்திப் பெற்ற பிள்ளை. மூக்குக் குத்தி வளர்த்தால் மூக்கன், மூக்கையா. தபால்காரனாக இருந்தபோது எல்லாத் தெருவிலும் இந்தப் பெயர்களுக்கு மணியார்டர் கொடுத்திருக்கிறேன். தெலுங்கில் பெண்டையா, அதுவும் குப்பைதான். மராட்டியத்தில் மூத்த ஆண் பிள்ளைகள் இறந்துபோன வீட்டில் பிறந்த ராமச்சந்திரன், மூக்கு வளையம் போட்டு வளர்ந்ததால் நாதுராம் ஆனான். காந்தியைச் சுட்ட அதே கோட்சேதான். நல்ல உதாரணம் இல்லை, ஆனால் பெற்றவளின் பயம் அதேதான்.

சரி, தியாகராஜரின் சீடர் வீணை குப்பய்யருக்கும், மயிலாப்பூரில் தன் பெயரிலேயே ஆய்வு நிறுவனம் உள்ள குப்புசாமி சாஸ்திரிக்கும் எந்த ஆண்டை பெயர் வைத்தான்?

2020 கணக்குப்படி தமிழ்நாட்டில் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஒரு வயதுக்குள் இறப்பது 13. தடுப்பூசியும் ஆரம்ப சுகாதார நிலையமும் வந்தபின் எமனை ஏமாற்றும் வேலை மிச்சம். குப்பன்கள் குறைந்ததற்கு அதுவும் ஒரு காரணம். இப்போது எண்கணிதக்காரரை ஏமாற்றுவதுதான் கஷ்டம்.

அடுத்த வாரம் பிச்சை, அமாவாசை பற்றி எழுதப்போவதாகக் கட்டுரையாளர் சொல்லியிருக்கிறார். எழுதுமுன் அந்தப் பெயர் உள்ள ஒரு வீட்டுக்குப் போய், அங்கிருக்கும் கிழவியிடம் கேட்டுவிட்டு எழுதட்டும்.

இப்படிக்கு,
குப்புசாமி,
ஓய்வுபெற்ற தபால்காரர்,
மன்னார்குடி வட்டம்.