அறிக்கையில் உள்ள ‘ஸ்விங் பிளேன்’ எண் குறித்து

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பெரம்பூரில் உள்ள எங்கள் கோல்ஃப் கூடத்தில் ஸ்விங்கை, அதாவது பந்தை அடிக்கக் கிளப் என்னும் மட்டையை வீசும் அசைவை, அளந்துகொண்டவர்களில் பலர், டிரைவர் என்னும் நீளமான கிளப்புக்கு 47 பாகை என்றும் அதைவிடக் குட்டையான ஏழாம் எண் அயர்ன் கிளப்புக்கு 60 பாகை என்றும் அறிக்கையில் பார்த்துவிட்டு, தங்கள் ஆட்டம் சீராக இல்லையோ என்று கேட்கிறார்கள். அந்தக் கவலை வேண்டாம். அவ்விரண்டு எண்களும் வேறுபட்டுத்தான் இருக்க வேண்டும்.

பந்தை அடிக்கும் நேரத்தில், ஏறக்குறைய ஒரு பக்க முழங்கால் உயரத்திலிருந்து மறுபக்க முழங்கால் உயரம் வரை கிளப்பின் தலை வரையும் வளைவு, தரையோடு எத்தனை பாகை சாய்ந்திருக்கிறது என்பதே ஸ்விங் பிளேன். சுவரில் ஒரே உயரத்தில் சாய்த்து வைத்த இரண்டு ஏணிகளில், நீளமானதன் கால் சுவரைவிட்டுத் தள்ளி நிற்கும், சாய்வும் தாழும். நீளமான டிரைவருக்குப் பாகை குறைவது பெரும்பாலும் அதனால்தான். ஆளின் உயரமும் குனிந்து நிற்கும் விதமும் இதை மாற்றும் என்பதால், நண்பருடைய எண்ணோடு உங்கள் எண்ணை ஒப்பிடுவதில் பயனில்லை.

இந்த எண் உண்மையில் உதவுவது வேறோர் இடத்தில். அயர்னால் அடிக்கும்போது கிளப் இன்னும் கீழே இறங்கிக்கொண்டிருக்கும். அந்த வளைவு அமைந்த தளம் (பிளேன்) சாய்ந்திருப்பதால், இறங்கும் கிளப் உடலைவிட்டு வெளிப்புறமாகவும் நகர்கிறது. வலக்கை ஆட்டக்காரர் 60 பாகைத் தளத்தில் 4 பாகை கீழ்நோக்கி அடித்தால், கிளப் செல்லும் பாதை சுமார் 2.3 பாகை வலப்பக்கம் திரும்பும். தளம் 45 பாகையாக இருந்தால் அதே அடிக்கு முழுதாக 4 பாகை திரும்பும். ஆகவே இறங்கும் கோணத்தோடும் பாதையோடும் சேர்த்துத்தான் ஸ்விங் பிளேனைப் படிக்க வேண்டும்.

கைபேசிக் காணொளியில் கோடு போட்டுப் பார்ப்பது இதற்கு ஈடாகாது. அண்மையில் ஒரே ஸ்விங்கை இரண்டு கைபேசிகளில், ஒன்றைக் கைகளுக்கு நேர் பின்னாலும் மற்றொன்றை ஒரு முழம் தள்ளியும் வைத்துப் படம்பிடித்தோம். ஒன்றில் கிளப் கோட்டுக்குக் கீழே வந்தது, மற்றதில் மேலே. (அடித்தவர் இரண்டையும் நம்ப மறுத்தார்.) இனி முக்காலி வைக்கும் இடத்தைத் தரையில் மஞ்சள் பட்டையால் குறித்திருப்போம், அதைவிட்டு நகர்த்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

அடுத்த முறை வரும்போது உங்கள் சொந்தக் கிளப்புகளையே கொண்டுவாருங்கள். அறிக்கையில் இனி ஸ்விங் பிளேன், இறங்கும் கோணம், பாதை ஆகிய மூன்று அளவுகளையும் ஒரே வரியில் அச்சிட்டுத் தருவோம். பழைய அறிக்கை வைத்திருப்பவர்களுக்குக் கட்டணமின்றி மாற்றித் தரப்படும்.

இப்படிக்கு,
கூடத்தினர், பெரம்பூர்