மூடியது சரி, விதம் தவறு

ஐயா,

கொரோனா ஊரடங்கு நியாயமா என்று பேசுவோர் கடலூரை மறக்கக் கூடாது. 2020 ஏப்ரல் 24-ல் சென்னைக்கு நான்கு நாள் முழு ஊரடங்கு அறிவித்ததும், மறுநாள் சந்தைகளில் கூட்டம் முண்டியடித்தது. மே 5-ல் சென்னையின் கோயம்பேடு காய்கறிச் சந்தை மூடப்படுவதற்குள் அங்கிருந்த நம் மாவட்டக் கூலித் தொழிலாளர்கள் பலர் லாரிகளில் ஊர் திரும்பிவிட்டார்கள். நம் மாவட்டத்தில் தொற்று கிடுகிடுவென ஏறியது. சந்தையிலேயே பரிசோதித்து, தங்கவைத்து அனுப்பியிருக்க வேண்டும்.

தெருவெல்லாம் பிளீச்சிங் கரைசல் அடித்ததும் வீண். மண்ணும் குப்பையும் பட்டால் குளோரின் வீரியம் போய்விடும். நோய் பரவுவதில், காற்றோட்டமான நம் கடலூர் சில்வர் பீச்சைவிட ஜன்னல் சாத்திய ஏசி மண்டபமே ஆபத்து.

படுக்கை, ஆக்சிஜன் சேர்க்க அவகாசம் தந்த முதல் ஊரடங்கு சரியே. ஆனால் 8-ஆம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு 2021 நவம்பர்வரை பள்ளியைத் திறக்காதது பெருங்கொடுமை.

- ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர்,
மஞ்சக்குப்பம், கடலூர்