குடை பிடித்த அக்காவுக்கு நன்றி

போன மாதம் சேலத்தில் ஏற்காடு பஸ்ஸுக்காக நின்றபோது என் 5 வயது மகளுக்குக் குடை பிடித்தீர்களே அக்கா, உங்களுக்குத்தான் இந்தப் பதிவு. கண்மணி விரிய சொட்டு மருந்து விட்டிருந்ததால் வெயிலில் கண் கூசி ஒரே அழுகை. ஒரு கண்ணில் பவர் அதிகம், விட்டால் சோம்பல் கண் ஆகிவிடும், அதாவது மூளை அந்தக் கண்ணைப் பயன்படுத்தாமல் விட்டு அதில் பார்வை குறைந்துவிடும் என்று டாக்டர் சொன்னதில் நானும் உடைந்து போயிருந்தேன்.

“என் பையனும் சின்னதுலயே கண்ணாடி போட்டவன்தாம்மா. நல்ல கண்ண மூடி பேட்ச் ஒட்டினோம், தேறிட்டான். காதுக்குப் பின்னால எலாஸ்டிக் பட்டை வெச்சு வாங்கு, நழுவாது” என்றீர்கள். பெயர்கூடக் கேட்கவில்லை நான்.

அப்படியே வாங்கினோம். திரும்பும்போது 20 கொண்டை ஊசி வளைவுகளின் எண்களையும் சத்தமாக வாசித்துக்கொண்டே வந்தாள், அக்கா.