ஐஸ்கிரீம் டப்பாவில் மாவு இருப்பது ஏன்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார இதழின் மீம்ஸ் பக்கத்தில், மூன்றாவது படத்துக்குக் கீழே ‘ஐஸ்கிரீம் டப்பாவைத் திறந்தால் தோசை மாவு: அம்மாக்கள் செய்யும் நம்பிக்கைத் துரோகம்’ என்று போட்டிருந்தீர்கள். வீட்டில் எல்லோரும் படித்துவிட்டுச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. துரோகம் என்பது சின்ன வார்த்தையா? கல்யாணமாகி வந்த நாளிலிருந்து உங்கள் இதழை வாங்குகிறவள் என்ற உரிமையில் கேட்கிறேன்.

அந்த டப்பாவில் ஏன் மாவு இருக்கிறது என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது ஒருவர் தன் வீட்டில் கேட்டுப் பார்த்திருக்கலாம். புளித்த மாவை அலுமினியப் பாத்திரத்தில் வைக்கக் கூடாது. எவர்சில்வர் தூக்கு உருண்டை. இரண்டு தூக்கு வைத்தால் ஃப்ரிட்ஜில் பால் பாக்கெட்டுக்கு இடமிருக்காது. டப்பா என்றால் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கலாம். மூடி இறுக்கமாக இருப்பதால் மாவு வாடை பாலில் ஏறாது. ஒரு டப்பா மாவு எங்கள் வீட்டில் ஒருவேளைக்குச் சரியாக இருக்கும், அதை மட்டும் வெளியே எடுத்தால் போதும், மிச்ச மாவு புளிக்காது. இவ்வளவையும் யோசித்துத்தான் செய்கிறோம். உங்கள் பக்கத்தில் அதற்குப் பெயர் துரோகம்.

இது ஒரு படத்தோடு போயிருந்தால் நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன். இரண்டு வருடத்துக்கு முன் என் அண்ணன் பேரன் விடுமுறைக்கு வந்திருந்தான். ஆளில்லாத அறையில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்து, “யாரு ஃபேனைப் போட்டுட்டுப் போனது? கரண்ட் பில்லை யார் கட்டுறது?” என்று நான் சத்தம் போட்டதை எனக்குத் தெரியாமல் பதிவு செய்து, பின்னால் ஒரு பாட்டைச் சேர்த்து எங்கேயோ போட்டுவிட்டான். சொந்தக்காரர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் அனுப்பி, கடைசியில் எனக்கே வந்தது. அப்புறம் ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் உட்கார்ந்திருக்கிறேன், முன்பின் தெரியாத ஒரு பையன் வந்து, “ஆன்ட்டி, நீங்கதானே அந்த ஃபேன் ஆன்ட்டி? ஒரு தடவை சொல்லுங்களேன்” என்று போனை நீட்டினான். சாப்பாடு இறங்கவில்லை. பாயசம் வருவதற்குள் எழுந்துவிட்டேன்.

ஃபேனை நான் ஏன் அணைக்கச் சொல்கிறேன்? நம் ஊரில் மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கிடப்படுகிறது. 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் கூடுதல் காசு என்று விடுவதில்லை. கீழே இருக்கிற யூனிட்டுகளுக்கும் விகிதம் மாறிவிடுகிறது. ஐந்து யூனிட் அதிகமானால் பல நூறு ரூபாய் கூடுதலாகக் கட்டிய மாதங்கள் உண்டு. இது ஆசிரியருக்குத் தெரியாததல்ல. எங்கள் வீட்டில் மீட்டர் கணக்கு எழுதும் அட்டையை எடுத்துப் பார்த்து, இன்னும் எத்தனை நாள், எத்தனை யூனிட் என்று கணக்குப் போட்ட ஒரே ஆள் நான். நாங்கள் 2013 வரை திருச்சியில் இருந்தோம். 2012ல் சென்னைக்கு வெளியே மின்வெட்டு எப்படி இருந்தது என்று உங்கள் இதழே எழுதியது. ஃப்ரிட்ஜ் பேருக்கு நின்றது. ராத்திரி கரண்ட் வரும் நேரத்துக்கு அலாரம் வைத்து எழுந்து மாவு அரைத்திருக்கிறேன், மோட்டார் போட்டிருக்கிறேன். அந்தப் பழக்கம் கையோடு வந்துவிட்டது. அதைத்தான் பாட்டு போட்டுச் சிரிக்கிறார்கள்.

பக்கெட், குடம், அண்டா எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்து வைப்பதற்கும் ஒரு படம் வந்தது. 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு கிடந்தன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. அன்று மேற்கு மாம்பலத்தில் குடத்தோடு வரிசையில் நின்றவர்களில் நானும் ஒருத்தி. மடித்து வைத்த பிளாஸ்டிக் கவர்களுக்கும் ஒரு படம். அதே 2019 ஜனவரி 1 முதல் கவருக்குத் தடை வந்தபோது, “அம்மா, பழைய கவர் ஒண்ணு இருக்கா?” என்று முதலில் கேட்டது என்னைக் கேலி செய்த என் மகன்தான்.

என்னை மிகவும் புண்படுத்தியது வேறொன்று. வாட்ஸ்அப்பில் பூப்படம் போட்டுக் காலை வணக்கம் அனுப்பும் ஆன்ட்டிகளைப் பற்றிப் பொங்கல் இதழில் அரைப் பக்கம் போட்டீர்கள். திருச்சியில் என்னோடு ஒரே தெருவில் இருந்த சிநேகிதி இப்போது தனியாக இருக்கிறாள். வீட்டுக்காரர் போய் ஆறு வருடமாகிறது, பிள்ளை வெளிநாட்டில். தினமும் காலை ஆறரைக்குள் நான் ஒரு படம் அனுப்புவேன், அவள் ஒன்று அனுப்புவாள். ஒருநாள் எட்டு மணி ஆகியும் வரவில்லை. கூப்பிட்டேன், எடுக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரரைப் பிடித்துப் போய்ப் பார்க்கச் சொன்னேன். குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து கிடந்தாள். விடியற்காலையிலிருந்து அப்படியே. அந்த ரோஜாப்பூப் படத்துக்கு ‘நான் இன்னும் இருக்கிறேன்’ என்று அர்த்தம். உங்கள் அரைப் பக்கத்தை அவளும் படித்தாள். மறுநாள் படம் வரவில்லை. பதறிப்போய்க் கூப்பிட்டால், “எல்லாரும் சிரிக்கிறாங்கடி, விட்டுடலாமா?” என்றாள். சிரித்தவர்கள் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள் ஐயா.

இந்தப் பழக்கம் இன்டர்நெட்டில் பிறந்ததில்லை என்பதும் எனக்குத் தெரியும். எண்பதுகளில் நம் வார இதழ்களில் எத்தனை பூரிக்கட்டை ஜோக், எத்தனை மாமியார் ஜோக், மனைவியின் சமையலைச் சாப்பிட்டவர் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் ஜோக் எத்தனை! உங்கள் இதழிலும் வந்தது. 1987ல் அதைப் பற்றி ஒரு கார்டு எழுதினேன், பிரசுரமாகவில்லை. அதற்கு இரண்டு வருடம் கழித்து நான் அனுப்பிய வத்தக்குழம்புக் குறிப்பு என் கணவர் பெயரில் வந்தது. திருத்தம் கேட்டு எழுதினேன், அதுவும் வரவில்லை. அந்த ஜோக்கை அன்று வாரம் ஒருமுறை படித்தோம், பக்கத்தைத் திருப்பினால் போயிற்று. இன்று ஒரு வீட்டில் நடந்ததை ஒருவர் போடுகிறார், ‘எங்க வீட்லயும் இதே’ என்று ஆயிரம் பேர் எழுதுகிறார்கள், மாலைக்குள் ‘எல்லா அம்மாவும் இப்படித்தான்’ என்று ஆகிவிடுகிறது. அதற்குப் பிறகு நாம் என்ன செய்தாலும் அந்தப் படம்தான் கண்ணுக்குத் தெரிகிறது. மருமகள் நல்ல பெண். குழம்பில் உப்புப் போட்டாயா என்று நான் கேட்டதும் அவள் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்தது. நான் கேட்டது அவளுக்குக் கேட்கவில்லை, மீமில் வரும் மாமியார் கேட்டதுதான் கேட்டது. இப்போதெல்லாம் ஃபேனை அணைக்கச் சொல்ல வாயெடுத்தாலே தயங்குகிறது. நானே போய் அணைத்துவிட்டு வந்துவிடுகிறேன்.

இந்தக் கேலியில் இன்னொரு அநியாயம் இருக்கிறது. அணைப்பதும் நிரப்புவதும் அடுக்குவதும் அம்மா வேலை என்று அது எழுதி ஒட்டிவிடுகிறது. படத்தைப் பார்த்துச் சிரிக்கும் பிள்ளை, “அது அம்மா பார்த்துக்குவாங்க” என்று ஃபேனை ஓடவிட்டுப் போகிறான். மத்திய அரசு 2019ல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், நாட்டில் நூறு ஆண்களில் 26 பேர்தான் ஒரு நாளில் ஏதாவது வீட்டு வேலை செய்கிறார்கள் என்று வந்தது. பெண்களில் 81 பேர். செய்கிற பெண்கள் அதற்குத் தரும் நேரம் சராசரியாக 299 நிமிடம், செய்கிற ஆண்கள் 97 நிமிடம். 2024ல் மறுபடி எடுத்தபோது 289, 88. ஐந்து வருடத்தில் மாறியது அவ்வளவுதான். சோபாவில் பேப்பர் படிக்கும் அப்பாவுக்கும் மீம் உண்டு, ஆனால் அதில் அவர் செல்ல அப்பா.

மீம்ஸ் பக்கத்தை நிறுத்தச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. பேரப்பிள்ளைகள் அதற்காகத்தான் இதழைக் கையிலெடுக்கிறார்கள். ஆனால் அந்தப் பக்கத்துக்கு இடம் வேண்டி நீங்கள் எடுத்துவிட்ட ‘வீட்டுக் குறிப்புகள்’ கால் பக்கத்தைத் திரும்பப் போடுங்கள். ஐஸ்கிரீம் டப்பாவில் மாவு வைக்கும் காரணத்தை அதில் முதல் குறிப்பாகப் போட்டால் சந்தோஷப்படுவேன். ‘அம்மாக்கள்’ என்று மொத்தமாக எழுதுவதையும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். என் நோட்டில் இன்னும் பதினொரு குறிப்புகள் இருக்கின்றன, கேட்டால் தபாலில் அனுப்புகிறேன். இந்த முறை என் பெயரிலேயே போடவும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
மேற்கு மாம்பலம், சென்னை