ரசீதில் உள்ள தேதி விசா தேதி அல்ல

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

ஓய்வு பெற்றபின் தாய்லாந்தில் குடியிருந்து, இமிக்ரேஷன் வேலைகளை எங்கள் சீலோம் கடையில் கொடுத்துவரும் ஐயாமார்களுக்கும் அம்மாமார்களுக்கும் இந்த மடல். இந்த மாதம் முதல் 90 நாள் ரிப்போர்ட்டுக்காக (90 நாளுக்கு ஒருமுறை குடியிருக்கும் முகவரியைக் குடிவரவு அலுவலகத்துக்குத் தெரிவிப்பது) உங்கள் பாஸ்போர்ட்டை வாங்கிக் கடையில் வைத்துக்கொள்ள மாட்டோம். இதுவரை நீங்கள் வந்து கொடுத்துவிட்டுப் போவீர்கள், நாங்கள் வசதிப்பட்ட நாளில் முடித்துத் தருவோம். அது வேண்டாம் என்று நினைக்கிறோம். ஊரிலிருந்து நள்ளிரவில் ஒரு செய்தி வந்து உடனே விமானம் ஏற வேண்டியிருந்தால், பாஸ்போர்ட் உங்கள் கையில் இருக்க வேண்டும், பூட்டிய கடைக்குள் அல்ல. நேரில் போய்த்தான் ஆக வேண்டும் என்றால் காலையில் வாங்கி அன்று மாலையே திருப்பித் தருவோம்.

இந்த ரிப்போர்ட்டுக்கு அரசு ஒரு பாட்கூட வாங்குவதில்லை. எங்களிடம் கொடுப்பது செங் வத்தனாவில் உள்ள குடிவரவு அலுவலகம்வரை போய்வந்து வரிசையில் நிற்கும் கூலி மட்டுமே. மகனோ மகளோ ஒருமுறை கற்றுக்கொடுத்தால் பெரும்பாலானவர்கள் வீட்டிலிருந்தே இணையத்தில் போட்டுவிடலாம். முதல் ரிப்போர்ட்டை நேரில் கொடுக்க வேண்டும். புதிய பாஸ்போர்ட் எடுத்திருந்தால் முத்திரைகளை அதற்கு மாற்றிக்கொண்டு, அடுத்த ரிப்போர்ட்டையும் நேரில் கொடுப்பது நல்லது. மற்ற நேரங்களில் இணையம் போதும். தேதிக்கு 15 நாள் இருக்கும்போதே போட்டுவிடுங்கள். ஏதோ காரணத்தால் நிராகரித்தாலும் நேரில் போக அவகாசம் இருக்கும். நேரில் போனால் தேதிக்கு 15 நாள் முன்னிருந்து 7 நாள் பின்வரை ஏற்றுக்கொள்கிறார்கள். அதையும் தாண்டி நீங்களாகவே போனால் 2,000 பாட் அபராதம். போலீஸ் பிடித்துக் கேட்கும்வரை போகாமல் இருந்தால் தொகை கூடும்.

எல்லோரும் கவனமாகப் படிக்க வேண்டியது இனித்தான் வருகிறது. 90 நாள் ரிப்போர்ட் என்பது 1979ஆம் ஆண்டு குடிவரவுச் சட்டத்தின் 37ஆம் பிரிவின்படி, "நான் இந்த முகவரியில்தான் இருக்கிறேன்" என்று சொல்லும் அறிவிப்பு. அவ்வளவுதான். அது உங்கள் தங்கும் அனுமதியை ஒரு நாள்கூட நீட்டாது. ரிப்போர்ட் கொடுத்ததும் பாஸ்போர்ட்டில் செருகித் தரும் சின்ன ரசீதில் அடுத்த தேதி இருக்கும். "அதுவரைக்கும் கவலை இல்லையே?" என்று எங்களிடம் கேட்காதவர்கள் குறைவு. அந்தத் தேதியை எழுதும்போது உங்கள் அனுமதி என்றைக்கு முடிகிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

ஓர் உதாரணம். உங்கள் ஓராண்டு அனுமதி மே 20 அன்று முடிகிறது. மார்ச் முதல் வாரத்தில் ரிப்போர்ட் கொடுக்கிறீர்கள். ரசீதில் ஜூன் முதல் வாரத்துத் தேதி ஒன்று விழும். அதை நம்பி இருந்தால் மே 21 முதல் அனுமதி இல்லாமல் தங்கியவர் ஆகிவிடுவீர்கள். ஒரு நாளைக்கு 500 பாட், அதிகபட்சம் 20,000. பணம் போனால்கூடப் பரவாயில்லை. அதன்பின் தங்கும் அனுமதிக்கு நீட்டிப்புக் கேட்கப் போகும்போது படும் பாடுதான் பெரிது. ஆகவே பாஸ்போர்ட்டைத் திறந்தால் முதலில் நீட்டிப்பு முத்திரையைப் பாருங்கள். ரசீது அதற்குப் பிறகு.

நீட்டிப்பில் தவறுவது பெரும்பாலும் வங்கிக் கணக்கில்தான். 50 வயது தாண்டியவர் ஓய்வுக்கால அடிப்படையில் கேட்கும்போது, தாய்லாந்து வங்கியில் 8 லட்சம் பாட் விண்ணப்பத்துக்கு 2 மாதம் முன்பே இருக்க வேண்டும். அனுமதி கிடைத்தபின் 3 மாதம் அதே தொகை அசையாமல் இருக்க வேண்டும். ஆண்டின் மிச்ச நாட்களில் 4 லட்சத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. இந்தப் பின்பகுதி 2019இல் வந்தது. அதற்கு முன்பிருந்து இங்கே இருப்பவர்கள் சிலர் இன்னும் பழைய நினைப்பிலேயே, அனுமதி கிடைத்த மறுவாரம் பணத்தை எடுத்து ஊருக்கு அனுப்புகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். வங்கி இருப்புக்குப் பதிலாக மாதம் 65,000 பாட் வருமானம் காட்டலாம் என்ற வழியும் இருக்கிறது. ஆனால் பிரிட்டன் உள்ளிட்ட சில நாட்டுத் தூதரகங்கள் வருமானக் கடிதம் தருவதை நிறுத்திவிட்டன. அந்தப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் மாதாமாதம் வெளிநாட்டிலிருந்து பணம் வந்ததை வங்கிக் கணக்கிலேயே காட்ட வேண்டும். நீட்டிப்புக் கட்டணம் 1,900 பாட். இதற்கு நீங்களே நேரில் வர வேண்டும், நாங்கள் கூட வருவோம்.

அம்மாமார்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கணவரைச் சார்ந்தவர் என்ற அடிப்படையில் உங்கள் அனுமதி இருந்தாலும், 90 நாள் ரிப்போர்ட் ஆளுக்கு ஒன்று. அவர் கொடுத்தது உங்களுக்குச் சேராது. இன்னொன்றும் இருக்கிறது, சொல்லக் கூசினாலும் சொல்லியாக வேண்டும். அவர் காலமானால் உங்கள் அனுமதியின் அடிப்படையும் போய்விடும். துக்கம் நடக்கும் வீட்டில் அந்த நேரத்தில் விசாவைப் பற்றி ஓட வைப்பது கொடுமை. உங்களுக்கும் 50 தாண்டியிருந்து, உங்கள் பெயரில் தனியாக வங்கி இருப்பு வைக்க முடியுமானால், அடுத்த நீட்டிப்பிலேயே சொந்தப் பெயருக்கு மாறிக்கொள்ளுங்கள். இது எங்களுக்குக் கூடுதல் வருமானம் தரும் வேலை என்பது தெரியும். அதற்காகச் சொல்லவில்லை. தேதிகளையெல்லாம் ஐயாவே பார்த்துக்கொள்ளும் வீடுகளில், பாஸ்போர்ட் எங்கே இருக்கிறது, எந்த முத்திரை எதற்கு என்று அம்மாவுக்கும் தெரிந்திருக்கட்டும்.

பேரப்பிள்ளைகளைப் பார்க்கச் சென்னைக்கோ பினாங்குக்கோ அடிக்கடி போய்வருபவர்களுக்கு 90 நாள் கணக்கு ஒவ்வொரு முறை உள்ளே வரும்போதும் புதிதாக ஒன்றிலிருந்து தொடங்கும். சிலருக்கு ரிப்போர்ட் தேவையே வராது. ஆனால் புறப்படும் முன் ரீ-என்ட்ரி பெர்மிட் (இருக்கும் அனுமதியோடு திரும்பி வருவதற்கான சீட்டு) எடுக்காவிட்டால் நாட்டை விட்டு வெளியேறியதும் நீட்டிப்பு ரத்தாகிவிடும். ஒருமுறைக்கு 1,000 பாட், பலமுறைக்கு 3,800. மறந்து கிளம்பிவிட்டால் சுவர்ணபூமி விமான நிலையத்திலேயே எடுக்கலாம். அதற்குக் கொஞ்சம் முன்னதாகவே போங்கள். திரும்பி வரும்போது நிரப்ப வேண்டிய டிஜிட்டல் வருகை அட்டை 2025 மே 1 முதல் கட்டாயம். அதற்கும் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் இணையதளம் அரசுடையது அல்ல.

வீட்டுக்காரர் கொடுக்கும் டி.எம். 30 அறிவிப்பு வேறு கணக்கு. வெளிநாட்டவர் வந்து தங்கிய 24 மணி நேரத்துக்குள் வீட்டு உரிமையாளர் கொடுக்க வேண்டியது அது. வீடு மாறினால் முதல் வேலையாக அதன் ரசீதை அவரிடம் கேட்டு வாங்குங்கள். அது இல்லாமல் மற்ற வேலைகளைச் சில அலுவலகங்களில் தொடவே மாட்டார்கள். பட்டாயாவுக்குக் குடிபோனவர்கள் இனி ஜொம்தியன் குடிவரவு அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும், பாங்காக்குக்கு அல்ல.

கடைசியாக, உங்களிடம் ஒரு வேண்டுகோள். நீட்டிப்பு முத்திரை உள்ள பக்கத்தையும் 90 நாள் ரசீதையும் படம் எடுத்துக் கடையின் வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்புங்கள். இரண்டு தேதிகளையும் எங்கள் பதிவேட்டில் தனித்தனியாகக் குறித்து, ஒவ்வொன்றுக்கும் முன்கூட்டியே அழைத்துச் சொல்வோம். நினைவூட்டலுக்குக் கட்டணம் இல்லை. ஏப்ரல் 13 முதல் 15 வரை சொங்க்ரான் விடுமுறை. அந்த வாரத்தில் தேதி விழுபவர்கள் மாதத் தொடக்கத்திலேயே அனுப்பிவிடுங்கள்.

நன்றியுடன்,
கடையிலிருந்து,
சீலோம், பாங்காக்